செருகியும் செருகுவாயும்



கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கும் மூளையைப் பற்றியே பேசுகின்றனர். ஒரு நொடியில் எத்தனை கோடிக் கணக்குகளைப் போடுகிறது, எத்தனை ஆயிரம் நூல்களைத் தன் நினைவில் அடக்கிக்கொள்கிறது என்று வியக்கின்றனர். வியப்பு நியாயமானதே. ஆனால் அந்த மூளைக்குக் கண் இல்லை, காது இல்லை, கையும் இல்லை. விசைப்பலகையில் நீங்கள் அழுத்திய எழுத்து அதனிடம் சென்று சேரவேண்டும். அது கண்ட விடை திரைக்கோ அச்சுப்பொறிக்கோ வந்து சேரவேண்டும். கம்பியில்லா இணைப்புகளை ஒதுக்கிவிட்டால், இந்தப் போக்குவரவு முழுவதும் பெட்டியின் ஓரத்தில் உள்ள சில சிறு துளைகளின் வழியாகவே நடைபெறுகிறது. போர்ட் என்று நாம் வழங்கிவரும் அந்தத் துளையைச் செருகுவாய் என்றும், அதனுள் பொருந்தும் முனையைச் செருகி என்றும் இவ்வுரையில் குறிப்பிடுகிறேன். நூல்களில் ‘துறை’ என்றும் எழுதுகின்றனர். படகு வந்து அணையும் இடம் துறை ஆதலால் அதுவும் நல்ல சொல்லே.

இரண்டு பொறிகள் ஒன்றோடொன்று சேர வேண்டுமானால் இரண்டு பொருத்தங்கள் வேண்டும். ஒன்று உடலின் பொருத்தம். மற்றொன்று சொல்லின் பொருத்தம். உடலின் பொருத்தம் யாவர்க்கும் எளிதில் விளங்கும். நம் நாட்டு இருப்புப்பாதைகளில் 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய தடமும், 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் தடமும் அடுத்தடுத்து இருந்த காலம் உண்டு. ஒரு தடம் முடிந்து மற்றொன்று தொடங்கும் நிலையத்தில் சரக்கு மூட்டைகளை எல்லாம் இறக்கி, மறு வண்டியில் ஏற்றினார்கள். மூட்டையில் குறை இல்லை. வண்டியிலும் குறை இல்லை. தடங்கள் தம்முள் பொருந்தவில்லை, அவ்வளவே.

சொல்லின் பொருத்தம் கண்ணுக்குத் தெரியாதது. செருகி வாயில் அழகாகப் பொருந்திவிடும். பொறிகள் மட்டும் ஊமையாக நிற்கும். எந்தக் கம்பியில் யார் பேசுவது, எவ்வளவு வேகத்தில் பேசுவது, ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்வது, பேச்சு முடிந்தது என்பதை எப்படி அறிவிப்பது என்பனவற்றை எல்லாம் முன்கூட்டியே உடன்பட்டிருந்தால்தான் உரையாடல் நடக்கும். செருகுவாயின் வரலாறு இந்த உடன்பாட்டின் வரலாறே ஆகும்.

அமெரிக்க நாட்டின் மின்னணுத் தொழிற்சங்கத்தார் 1960ஆம் ஆண்டில் ஆர்.எஸ்.232 என்னும் உடன்பாட்டை வெளியிட்டனர். தட்டச்சு முனையங்களைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடம் என்னும் கருவிக்காக அது வகுக்கப்பட்டது. அதன் விதி மிக எளிது. கம்பியில் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கு மேல் நேர்நிலையில் இருந்தால் அது சுழி; 3 வோல்ட்டுக்கு மேல் எதிர்நிலையில் இருந்தால் அது ஒன்று; இடையில் இருப்பதற்குப் பொருளே இல்லை. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கம்பியில், எறும்புச் சாரை போலச் செல்லும். உதாரணமாக, ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ என்பதற்குரிய எண் 65. அதை ஒன்றும் சுழியுமாக எழுதினால் 1000001 என்று வரும். அதற்கு முன்னே ‘தொடங்குகிறேன்’ என்று ஒரு குறி. பின்னே ‘நிறுத்துகிறேன்’ என்று ஒரு குறி. எட்டு இலக்கங்களும் இவ்விரு குறிகளுமாகப் பத்து அடையாளங்கள் சேர்ந்து ஓர் எழுத்து ஆகும். நொடிக்கு 9,600 அடையாளங்கள் சென்றால் 960 எழுத்துகள் சென்றதாகக் கணக்கு.

இவ்வளவு எளிய உடன்பாட்டிலும் தொல்லைகள் இருந்தன. வேகத்தை இரு பக்கத்தாரும் தம் கையால் அமைத்துக்கொள்ளவேண்டும். ஒருவர் 9,600 என்று வைத்து மற்றவர் 4,800 என்று வைத்தால், திரையில் பொருளற்ற குறிகள் கொட்டும். ஊசிகள் 25 கொண்ட செருகியை அவ்வுடன்பாடு முதலில் பரிந்துரைத்ததே அன்றிக் கட்டாயமாக்கவில்லை. 1984இல் ஐ.பி.எம். நிறுவனம் 9 ஊசிகளே போதும் என்று ஒரு சிறு செருகியைக் கொண்டுவந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. முனையம் ஒரு கம்பியில் பேசும். மோடம் அதே கம்பியில் கேட்கும். அது சரி. ஆனால் இரண்டு கணிப்பொறிகளை நேருக்கு நேர் இணைத்தால், இரண்டும் ஒரே கம்பியில் பேசி, இரண்டும் மற்றொரு கம்பியில் செவி சாய்த்துக்கொண்டிருக்கும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதே இல்லை. அதற்கென்றே கம்பிகளைக் குறுக்காக மாற்றிய தனிக் கேபிள் வேண்டியிருந்தது.

அச்சுப்பொறிக்கு வேறு வழி ஏற்பட்டது. சென்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் 1970இல் வெளியிட்ட அச்சுப்பொறியில் எட்டுக் கம்பிகள் ஒரே சமயத்தில் எட்டு இலக்கங்களைச் சுமந்து சென்றன. வேலை மிகுந்தால் ‘பொறு’ என்று சொல்ல அச்சுப்பொறிக்குத் தனியாக ஒரு கம்பி இருந்தது. 1981இல் ஐ.பி.எம். கணிப்பொறி இம்முறையையே மேற்கொண்டது. ஆனால் கணிப்பொறியின் பக்கத்தில் 25 ஊசிச் செருகி. அச்சுப்பொறியின் பக்கத்திலோ 36 தொடுமுனைகள் கொண்ட வேறொரு செருகி. 1987இல் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் என ஆறு ஊசிகள் கொண்ட இரண்டு வட்டச் செருகுவாய்கள் வந்தன. இரண்டும் ஒரே வடிவம். ஆயினும் ஒன்றை மற்றொன்றில் மாற்றிச் செருகினால் பயன் இல்லை. ஊதா, பச்சை என்று பின்னர் நிறம் பூசி வேறுபடுத்தினர். பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது அச்செருகியைப் பிடுங்கவும் கூடாது, செருகவும் கூடாது. உள்ளிருக்கும் பலகை பழுதாகலாம்.

உள்ளே இருந்த நெருக்கடி இன்னும் பெரிது. ஒரு கருவி மூளையின் கவனத்தைக் கவர வேண்டுமானால், வகுப்பில் மாணவன் கையைத் தூக்குவதுபோல ஓர் அழைப்புக் கம்பியைத் தூண்டவேண்டும். அத்தகைய கம்பிகள் 1984ஆம் ஆண்டின் பொறியில் பதினாறுக்கு மேல் இல்லை. அவற்றிலும் பல முன்னமே ஒதுக்கப்பட்டவை. முதல் தொடர்வாயும் மூன்றாம் தொடர்வாயும் ஒரே கம்பியைப் பங்கிட்டுக்கொண்டன. முதலாவதில் மவுஸும் மூன்றாவதில் மோடமும் இருந்தால், மோடம் பேசத் தொடங்கியவுடன் மவுஸ் உறைந்துபோகும். வாங்கியவர் பெட்டியைத் திறந்து, சிறு உலோகத் தொப்பிகளை இடம் மாற்றி வைத்து, மூடி, மீண்டும் இயக்கிப் பார்ப்பார். ஒரு கருவியைச் சேர்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது கழியும்.

இதனால் விளைந்த இழப்பு நேரம் மட்டும் அன்று. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் நல்ல நிலையில் ஓர் அச்சுப்பொறி இருந்தது. புதிய கணிப்பொறிகள் வந்தபோது அவற்றில் பழைய அச்சுப்பொறிக்குரிய வாய் இல்லை. இடையே பொருத்தும் மாற்றிக் கருவியைக் கேட்டு எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பையே நிறைத்தன. மாற்றி வரவில்லை. வினாத்தாள்களை வெளியே கொடுத்து அச்சிட்டோம்; அச்சுப்பொறி துணி போர்த்தியபடி ஓர் அலமாரியின்மேல் இருந்தது. அதில் ஒரு திருகுகூடக் கழலவில்லை. செருகியின் வடிவம் பற்றிய செய்தி பொறியாளருக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இத்தகைய அலமாரிகளைப் பார்க்கவேண்டும்.

1994ஆம் ஆண்டில் காம்பேக், டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு வாயை வகுக்க முற்பட்டன. இன்டெல் நிறுவனத்தில் இப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் அஜய் பட் குறிப்பிடத்தக்கவர். அவர் நம் நாட்டில் பிறந்து, பரோடாவில் பொறியியல் பயின்று, பின் அமெரிக்கா சென்றவர். அவருக்கும் அவருடைய குழுவினருக்கும் 2013இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது. 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. என்னும் அவ்வுடன்பாட்டின் முதல் பதிப்பு வெளியாயிற்று. அதன் வேகம் நொடிக்கு 15 இலட்சம் இலக்கங்கள் என்றும், 1 கோடியே 20 இலட்சம் இலக்கங்கள் என்றும் இரு படிகளாக இருந்தது.

இதைக் காட்டிலும் வேகமான போட்டியாளர் ஒருவர் களத்தில் இருந்தார். 1995இல் தரப்படுத்தப்பட்ட ஃபயர்வயர் என்னும் இணைப்பு நொடிக்கு 40 கோடி இலக்கங்களைச் சுமக்க வல்லது. ஆனால் அதைத் தம் பொறியில் அமைப்போர் உரிமைக் கட்டணம் செலுத்தவேண்டும். ஒரு வாய்க்கு ஒரு டாலர் என்று கேட்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் 1999இல் ஒரு பொறிக்கு 25 சென்ட் என்று குறைக்கப்பட்டது. யு.எஸ்.பி.யை வகுத்தவர்களோ அதற்கு உரிமைக் கட்டணம் கேட்கவில்லை. மெதுவானது வென்றது, விரைவானது மெல்ல மறைந்தது. கட்டணம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். இன்டெல் தன் சில்லுகளிலேயே யு.எஸ்.பி.யைச் சேர்த்துக் கொடுத்ததும் ஒரு காரணம். 1998இல் ஆப்பிள் நிறுவனம் ஐமேக் என்னும் பொறியில் தன் பழைய வாய்களை எல்லாம் நீக்கிவிட்டு இப்புதிய வாயை வைத்ததும் கருவி செய்வோரை இதன் பக்கம் திருப்பியது.

இனி அக்கேபிளின் உள்ளே செல்வோம். பழுதான பழைய யு.எஸ்.பி. கேபிள் ஒன்றின் உறையை உரித்துப் பார்த்தால் நான்கு கம்பிகள் காணப்படும். சிவப்பில் 5 வோல்ட் மின்சாரம் செல்லும். கருப்பில் அது திரும்பும். வெள்ளையும் பச்சையும் பேசும் கம்பிகள். பேசுவது ஒரே செய்தியை, ஆனால் ஒன்றுக்கொன்று எதிராக. ஒன்று உயரும்போது மற்றொன்று தாழும். ஏன் இந்த இரட்டிப்பு? அருகில் ஓடும் மின்விசிறியோ மின்கம்பியோ செய்தியைக் கலக்க முயன்றால், முறுக்கிப் பின்னிய இரு கம்பிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு கலக்கம் ஏற்படும். கேட்பவன் இரண்டின் வேறுபாட்டை மட்டுமே கணக்கிடுவதால் அக்கலக்கம் கழிந்துபோகிறது.

எட்டுக் கம்பிகளில் ஒன்றாகச் செல்வதைவிட ஒரே இணைக் கம்பியில் வரிசையாகச் செல்வது எப்படி விரைவாகும் என்று நீங்கள் கேட்கலாம். எட்டுப் பேர் தோளோடு தோள் சேர்ந்து அணிவகுத்து நடந்தால், மிக மெதுவாக நடப்பவனுக்காக ஏனையோர் காத்திருக்கவேண்டும். வேகம் கூடக்கூட அணி கலையும். தனியாக ஓடுபவனுக்கு அத்தொல்லை இல்லை. எட்டுக் கம்பிகளில் புறப்பட்ட இலக்கங்களும் நீண்ட கேபிளில் சிறிது முன்பின்னாக வந்து சேர்ந்தன. ஆதலால் வேகத்தை மேலும் உயர்த்துவது கடினமாயிற்று.

செருகியின் வாயை உற்று நோக்குக. நான்கு தகடுகளில் ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீண்டும், நடுவில் உள்ள இரண்டும் சற்றுக் குட்டையாகவும் இருக்கும். நீண்டவை மின்சாரத்துக்கு உரியவை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும். பேச்சு பின்னர்த் தொடங்கும். பிடுங்கும்போது பேச்சு முதலில் நிற்கும். ஓடும் பொறியில் அச்சமின்றிச் செருகவும் கழற்றவும் முடிவதற்கு இந்த ஒரு மில்லிமீட்டர் அளவிலான வேறுபாடும் ஒரு காரணம். வீட்டுச் சுவரில் உள்ள மூன்று முள் பிளக்கைப் பாருங்கள். நிலத்தோடு சேரும் முள் ஏனைய இரண்டைவிட நீளமாகவும் பருமனாகவும் இருக்கிறது. காப்புத் தரும் இணைப்பு முதலில் சேரவேண்டும், கடைசியில் பிரியவேண்டும் என்பதே அங்கும் கருத்து.

கணிப்பொறியின் பக்கத்தில் தட்டையான செருகியும், அச்சுப்பொறியின் பக்கத்தில் சதுரமான செருகியும் ஏன் வைத்தார்கள்? யு.எஸ்.பி.யில் ஒருவர் தலைவர். ஏனையோர் அவர் கேட்டால் மட்டுமே பேசுவோர். இரண்டு தலைவர்களை நேரே இணைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இரு முனைகளுக்கும் இரு வடிவம். தட்டையான செருகியைத் தலைகீழாகச் செருக முயன்று அலுத்துக்கொள்ளாதவர் இல்லை. இருபுறமும் பொருந்துமாறு செய்தால் கம்பிகளும் சுற்றுகளும் மிகுந்து செலவு கூடியிருக்கும் என்று அஜய் பட் பின்னாளில் விளக்கியிருக்கிறார். மலிவாக இராவிட்டால் எவரும் ஏற்கமாட்டார்கள் என்ற அச்சம் அன்று இருந்தது.

செருகியவுடன் நிகழ்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பள்ளியில் புதிய மாணவனைச் சேர்ப்பதை அது முற்றும் ஒத்திருக்கிறது. கருவி தன் பேசும் கம்பிகளுள் ஒன்றைச் சிறிது மேலே இழுத்துப் பிடிக்கும். பச்சையை இழுத்தால் விரைவாகப் பேசுபவன். வெள்ளையை இழுத்தால் மெதுவாகப் பேசுபவன். வாயிலில் யாரோ நிற்கிறார் என்பதைக் கணிப்பொறி இதனால் அறிகிறது. உடனே ‘நீ முன்பு எந்த நிலையில் இருந்தாலும் அதை மறந்து தொடக்க நிலைக்கு வா’ என்று ஆணையிடுகிறது. புதிதாக வந்த ஒவ்வொரு கருவிக்கும் முகவரி சுழி. ஆதலால் ஒரு சமயத்தில் ஒருவரையே சேர்க்கமுடியும். இருவர் வந்தால் ஒருவர் வெளியே காத்திருப்பார். பிறகு கணிப்பொறி ஓர் எண்ணை வழங்குகிறது. முகவரிக்கு ஏழு இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருப்பதால் சுழியை நீக்கி 127 எண்கள் கிடைக்கும். பிறப்பில் வந்த பெயர் அன்று அது. வருகைப் பதிவேட்டின் வரிசை எண் போன்றது. நாளைக்கு வேறு வாயில் செருகினால் வேறு எண் வரலாம்.

எண் கொடுத்தபின் கேள்விகள் தொடங்குகின்றன. உன்னைச் செய்த நிறுவனம் எது? நீ எந்த வகையைச் சேர்ந்தவன்? உனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? கருவி ஒவ்வொன்றுக்கும் எண்களாலேயே விடை தருகிறது. வகை மூன்று என்றால் மனிதர் கையாளும் விசைப்பலகை போன்ற கருவி. ஏழு என்றால் அச்சுப்பொறி. எட்டு என்றால் பென் டிரைவ் போன்ற சேமிப்புக் கருவி. சேர்க்கை முடியும்வரை 100 மில்லிஆம்பியர் மின்சாரமே உரிமை. கேட்டு இசைவு பெற்றபின் 500 வரை எடுத்துக்கொள்ளலாம். இத்தனையும் நீங்கள் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும்.

சேர்ந்தபின்னும் ஒழுங்கு கடுமையானது. நாம் சொல்லிவரும் இந்த யு.எஸ்.பி.யில் கருவி தானாகப் பேசுவதில்லை. விசைப்பலகையிடம் நொடிக்கு ஏறத்தாழ நூறு முறை ‘ஏதேனும் உண்டா?’ என்று கணிப்பொறி கேட்டுக்கொண்டே இருக்கிறது. ‘இல்லை, இல்லை’ என்பதே பெரும்பாலும் விடை. நீங்கள் விசையை அழுத்திய கணத்தில்தான் ‘நான்காம் விசை’ என்று ஒரு விடை வரும். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணையே அனுப்புகிறது என்பதைக் கவனியுங்கள். நான்காம் விசையை ஆங்கிலச் சிற்றெழுத்தாகக் கொள்வதா, தமிழ்99 முறைப்படி ‘அ’ எனக் கொள்வதா என்பதைக் கணிப்பொறியில் உள்ள நிரல் முடிவு செய்கிறது. எந்த நாட்டில் செய்த விசைப்பலகையாயினும் அதை மாற்றாமலே அதில் தமிழ் எழுத முடிவது இதனால்தான்.

இனி இம்முறையின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். கணிப்பொறி கேட்கிறது, கருவி சொல்கிறது, கணிப்பொறி நம்புகிறது. சான்றிதழைச் சரிபார்ப்பார் எவரும் இல்லை. 2014ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களான கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகிய இருவரும் இதைச் செய்து காட்டினர். பென் டிரைவின் உள்ளே இருக்கும் சிறு கட்டுப்பாட்டு நிரலை மாற்றிவிட்டால், அது ‘நான் விசைப்பலகை’ என்று சொல்லிக்கொள்ளும். சொன்னபின் உரியவர் தட்டுவதுபோலவே தானாகக் கட்டளைகளைத் தட்டத் தொடங்கும். கோப்புகளைத் துழாவும் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் இதைக் காணாது. ஏனெனில் தீங்கு கோப்பில் இல்லை, கருவி சொன்ன பெயரில் இருக்கிறது. கல்லூரி வாயிலிலோ பேருந்திலோ கிடந்தெடுத்த பென் டிரைவை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலால் செருகக் கூடாது என்று அறிந்தோர் எச்சரிப்பதற்கு இதுவே காரணம். கைப்பேசிகள் இப்போது கணிப்பொறியோடு சேர்ந்தவுடன் ‘இதை நம்பலாமா?’ என்று உரியவரைக் கேட்கின்றன. அந்தக் கேள்வியைப் படிக்காமலே ‘ஆம்’ என்று தட்டிவிடுபவர்களே மிகுதி.

வேகம் ஆண்டுதோறும் வளர்ந்தது. 2000இல் நொடிக்கு 48 கோடி இலக்கங்கள். 2008இல் 500 கோடி. கைப்பேசிக்கென்று 2007இல் வந்த மைக்ரோ செருகியில் ஒரு நல்ல கருத்து இருந்தது. அழுந்திப் பிடிக்கும் வில் தகடுகளைக் கைப்பேசியின் வாயிலிருந்து எடுத்துக் கேபிளின் செருகியில் வைத்தார்கள். தேய்வது மலிவான கேபிளாக இருக்கட்டும், விலையுயர்ந்த கைப்பேசியாக இருக்கவேண்டாம் என்பது நோக்கம். முதற்காலச் செருகி 1,500 முறை செருகுவதற்கு வகுக்கப்பட்டது; இது 10,000 முறைக்கு.

2014இல் டைப்-சி என்னும் செருகி வந்தது. மேலே பன்னிரண்டும் கீழே பன்னிரண்டுமாக 24 தொடுமுனைகள், ஒன்றுக்கொன்று சுழற்சிச் சமச்சீராக அமைந்தவை. எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். ஒரே ஒரு சிறு கம்பி மட்டும் ஒரு பக்கத்தில் சேர்ந்து மறுபக்கத்தில் சேராமல் இருக்கும். எப்பக்கம் மேலே இருக்கிறது என்பதைப் பொறி அதைக் கொண்டு அறிகிறது. எதிரே ஒருவர் இருப்பது உறுதியானபின்பே 5 வோல்ட் மின்சாரம் வெளிவரும். அதன்பின் பேரம் நடக்கும். ‘எனக்கு 20 வோல்ட் வேண்டும்’ என்று மடிக்கணினி கேட்கும். ‘என்னால் 9 வோல்ட் வரை தரமுடியும்’ என்று சார்ஜர் சொல்லும். 2021இல் வெளிவந்த விதிப்படி இது 48 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரை செல்லலாம். தொடக்க காலத்தில் யு.எஸ்.பி. கொடுத்தது இரண்டரை வாட்.

வடிவத்தைப் பொதுவாக்குவதில் அரசுகளும் தலையிட்டன. ஐரோப்பிய ஆணையத்தின் தூண்டுதலால் 2009இல் கைப்பேசி நிறுவனங்கள் தாமாக முன்வந்து பொதுச் சார்ஜருக்கு உடன்பட்டன. அது முழுமையாக நிறைவேறவில்லை. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே இயற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் புதிய கைப்பேசிகள், பலகைக் கணினிகள், காமிராக்கள் முதலியவற்றில் கம்பி வழியே மின்னேற்றுவதற்கு டைப்-சி வாய் இருத்தல் வேண்டும். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். 2012 முதல் தனக்கென ஒரு செருகி வைத்திருந்த ஆப்பிள் நிறுவனமும் 2023 செப்டம்பரில் தன் கைப்பேசியில் டைப்-சிக்கு மாறியது. சட்டம் ஐரோப்பாவுக்கு உரியது. பயன் உலகெங்கும் பரவியது. ஒரு நாட்டுக்கு ஒரு வாய் என்று கைப்பேசி செய்வது எவருக்கும் கட்டுப்படியாகாது.

இத்தனைக்கும் பின்னே பழைய தொல்லை புதிய வேடத்தில் வந்திருக்கிறது. முன்பு வாய்கள் பல. பொருந்தாதது பொருந்தாது என்று கண்ணுக்கே தெரிந்தது. இன்று வாய் ஒன்றே. ஆனால் உள்ளே நடக்கும் பேச்சு பலவகை. இரண்டு முனையும் டைப்-சி ஆன இரு கேபிள்களைக் கடையில் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஒன்றின் உள்ளே 2000ஆம் ஆண்டின் வேகத்துக்குரிய கம்பிகளே இருக்கலாம். மற்றொன்று நொடிக்கு 4,000 கோடி இலக்கங்களைச் சுமக்கலாம். பத்து ஜிகாபைட் அளவுள்ள திரைப்படம் முன்னதில் செல்ல, ஏட்டுக் கணக்குப்படியே 167 நொடி ஆகும். பின்னதில் இரண்டு நொடி. மின்சாரத்திலும் அப்படியே. 60 வாட்டுக்கு மேல் தாங்கவல்ல கேபிளின் செருகிக்குள் ஒரு சிறு சில்லு இருக்கும். ‘நான் இவ்வளவு தாங்குவேன்’ என்று அது சொன்னால்தான் சார்ஜர் மிகுதியாகக் கொடுக்கும். மின்னேற்றுவதற்கு மட்டுமே பயன்பட்டு, ஒரு கோப்பையும் சுமக்காத கேபிள்களும் விற்கின்றன.

தரச்சான்று பெற்ற கேபிள்களில் 60 வாட் அல்லது 240 வாட் என்றும், வேகம் இவ்வளவு என்றும் குறி பொறிக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. கடைவீதியில் கிடைக்கும் பலவற்றில் அக்குறி இல்லை. குறி இல்லாதவற்றின் வேகத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். விரைவான டைப்-சி வாய் உடைய ஒரு கணிப்பொறியையும், அவ்வாறே விரைவான ஒரு வெளிச் சேமிப்புக் கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பு ஒன்றை முதலில் ஒரு கேபிள் வழியாகவும், பின்னர், பொறி, வாய், கோப்பு ஆகிய மூன்றையும் மாற்றாமல், மற்றொரு கேபிள் வழியாகவும் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஆன நொடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிள் எவ்வளவு என்று ஒரு சிறு தாளில் எழுதி, அதன் கழுத்தில் நூலால் கட்டிவிடுங்கள்.